வீட்டில் பைக் வேலை பார்க்க லிஃப்ட் வாங்கலாமா? திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

பைக்கைத் தானே கழட்டி மாட்டிக்கொள்பவர்கள் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முட்டி வலித்த பிறகு கேட்பார்கள், இல்லையென்றால் யாரோ ஒருவர் பளபளவென்று டேபிளில் ஏற்றி வைத்து வேலை பார்க்கும் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். எனக்கு வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் முதலிலிருந்து படித்தால் நல்லது.

லிஃப்ட்டுன்னா எதைச் சொல்றீங்க? பேடாக் ஸ்டேண்டும் அதுவும் ஒண்ணா?

ஒன்று இல்லை, ஆனால் எல்லாரும் கலந்துதான் பேசுகிறார்கள். பேடாக் ஸ்டேண்ட் என்பது நெம்புகோல் மாதிரி அழுத்தினால் ஒரு சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் தூக்கும் இரும்புச் சட்டம். சிசர் ஜாக் என்பது எஞ்சினுக்கோ ஃப்ரேமுக்கோ அடியில் வைத்து ஸ்க்ரூவைச் சுற்றித் தூக்குவது. அதையே கொஞ்சம் பெரிதாக, சக்கரம் வைத்து, இரண்டு நீளக் கம்பிகளில் ஃப்ரேமைத் தாங்கி ஹைட்ராலிக்கில் தூக்கினால் அது தரை ஜாக். நாலாவதுதான் டேபிள் லிஃப்ட்: பைக் முழுசாக ஒரு மேடை மேல் ஏறி நிற்கும், மேடையே 75, 80 சென்டிமீட்டர் வரை உயரும்.

முதல் மூன்றும் சக்கரத்தைத் தொங்கவிடுவதற்கு. டேபிள் உங்கள் கைக்கு எட்டும் உயரத்துக்குப் பைக்கைக் கொண்டுவருவதற்கு. டேபிள் மேல் ஏற்றிய பைக்கின் சக்கரத்தைக் கழட்டவும் தனியாக ஒரு ஜாக் வேண்டியிருக்கும், இதைப் பல பேர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.

என் பைக்ல சென்டர் ஸ்டேண்ட் இருக்கு. அப்புறம் எதுக்கு லிஃப்ட்?

பெரும்பாலும் தேவையே இல்லை. செயின் கழுவ, ஆயில் மாற்ற, பின்சக்கரத்தைக் கழட்ட, பின் பிரேக் பார்க்க எல்லாவற்றுக்கும் சென்டர் ஸ்டேண்ட் போதும்.

இடிப்பது முன்சக்கரத்தில்தான். சென்டர் ஸ்டேண்டில் நிற்கும் பைக் முன்சக்கரத்தையும் ஒரு காலாக வைத்துத்தான் நிற்கிறது, அதை உருவினால் மூக்கு கீழே விழும். எஞ்சினுக்கு முன்பக்க அடியில் ஒரு சின்ன சிசர் ஜாக் கொடுத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. அந்த இரண்டும் இருப்பவர் பெரிய லிஃப்ட் பற்றி யோசிக்க வேறு காரணம் ஏதாவது இருக்க வேண்டும், அதைக் கீழே பார்ப்போம்.

சென்டர் ஸ்டேண்ட் இல்லாத பைக். குறைஞ்சபட்சம் என்ன வாங்கணும்?

பின்பக்க பேடாக் ஸ்டேண்ட். ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடும் கை) ஸ்பூல் (ஸ்டேண்டின் கொக்கி பிடிப்பதற்கான சின்ன உருளை) மாட்டுவதற்கு மரை போட்ட துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த மரையின் அளவுக்கு (எம்6, எம்8, எம்10 என்று வரும்) ஸ்பூல் வாங்கி மாட்டி, வி வடிவக் கொக்கி உள்ள ஸ்டேண்டை எடுங்கள். துளை இல்லையென்றால் ஸ்விங் ஆர்முக்கு அடியில் தாங்கும் ரப்பர் வைத்த எல் வடிவத் தலை உள்ளது. இரண்டில் ஸ்பூல்தான் மேல், கொக்கிக்குள் உட்கார்ந்த ஸ்பூல் நழுவாது. ரப்பர் தலை எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் வழுக்கும்.

ஸ்டேண்டின் அகலத்தைப் பைக்குக்கு ஏற்றபடி வைத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடுகிறதா என்று பார்த்த பிறகே அழுத்துங்கள். முதல் சில தடவை ஹேண்டில் பக்கம் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள், பழகிவிட்டால் ஒரு கை பின்சீட்டுப் பக்கம், ஒரு கை ஸ்டேண்டில் என்று தனியாகவே தூக்கிவிடலாம். முன்பக்க ஸ்டேண்டும் வாங்குவதாக இருந்தால் தூக்கும்போது எப்போதும் பின்பக்கம் முதலில், இறக்கும்போது முன்பக்கம் முதலில். பின்னால் ஸ்டேண்ட் இல்லாமல் முன்னால் மட்டும் தூக்கினால் பைக் பக்கவாட்டில் சாயத் தயாராக நிற்கும்.

எந்த வேலைக்கு எது வேணும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

என்னைக் கேட்டால் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது இது ஒன்றைத்தான். பைக்கின் விலையோ சிசியோ முக்கியமில்லை, நீங்கள் அடிக்கடி பார்க்கும் வேலைக்கு எந்தப் பகுதி தொங்க வேண்டும், எடை எதன் வழியாகத் தரைக்குப் போக வேண்டும் என்பதுதான்.

செயின், ஸ்ப்ராக்கெட், பின்டயர்: பின்பக்க பேடாக் ஸ்டேண்டோ சென்டர் ஸ்டேண்டோ போதும். முன்டயர், முன் வீல் பேரிங்: ஃபோர்க்கின் (முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்கள்) அடிமுனையைத் தாங்கும் முன் ஸ்டேண்ட். ஆனால் ஃபோர்க்கையே உருவி ஆயில் சீல் மாற்ற வேண்டும் என்றால் அந்த ஸ்டேண்ட் உதவாது, அது பிடித்திருப்பதே ஃபோர்க்கைத்தானே. அதற்கு ஸ்டியரிங் தண்டின் அடித்துளையில் ஊசி போன்ற கம்பியை நுழைத்துத் தூக்கும் ஸ்டேண்ட் வேண்டும், இல்லையென்றால் ஃப்ரேமுக்கு அடியில் ஜாக். பின் ஷாக் அப்சார்பர், ஸ்விங் ஆர்ம் புஷ் இதிலும் இதே கதை: பேடாக் ஸ்டேண்ட் ஸ்விங் ஆர்மைத் தாங்குகிறது, ஃப்ரேமின் எடை ஷாக் வழியாகத்தான் ஸ்விங் ஆர்முக்கு வருகிறது, ஷாக் போல்ட்டை உருவினால் பைக்கின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். இந்த வேலைக்கு சென்டர் ஸ்டேண்ட் அல்லது ஜாக், அதாவது ஃப்ரேமைத் தாங்கும் ஏதாவது ஒன்று.

இன்னொரு வகை வேலை இருக்கிறது, வால்வ் கிளியரன்ஸ், கார்புரேட்டர், வயரிங், கிளட்ச் பிளேட் போல. இவற்றுக்குச் சக்கரம் தொங்கவே வேண்டாம். கிளட்ச் பெரும்பாலான பைக்கில் வலப்பக்கம்தான், சைடு ஸ்டேண்டில் பைக் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்போது ஆயிலும் இடப்பக்கம் ஒதுங்கிவிடுவதால் பல பைக்கில் ஆயிலை வடிக்காமலேயே கிளட்ச் கவரைத் திறக்கலாம். இங்கே லிஃப்ட் தருவது சௌகரியம் மட்டுமே, ஆனால் மூன்று மணி நேரம் குனிந்து உட்கார்ந்தவருக்கு அந்த "மட்டும்" சின்ன விஷயமில்லை.

சிசர் ஜாக்கை எங்கே வைக்கணும்? எஞ்சினுக்கு அடியிலயே கொடுக்கலாமா?

முதலில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பைக்குக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எஞ்சினுக்குக் கீழே இரண்டு ஃப்ரேம் குழாய்கள் முன்னிருந்து பின்னுக்கு ஓடினால் உங்களுக்கு யோகம், அந்த இரண்டு குழாயிலும் படும்படி ஜாக்கை வைத்தால் போதும். ஒரே குழாய் மேலிருந்து இறங்கி எஞ்சினோடு நின்றுவிட்டால் எஞ்சினே ஃப்ரேமின் ஒரு பகுதி, அடியில் தெரிவது அலுமினிய ஆயில் சம்ப், அதாவது எஞ்சின் ஆயில் தேங்கும் அடிப்பகுதி. அதில் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட் துருத்திக்கொண்டிருக்கும், சிலவற்றில் ஆயில் ஃபில்டர் மூடி, சிலவற்றில் சைலன்சர் குழாய் அல்லது அதன் பெட்டியே குறுக்கே போகும். இந்த மூன்றிலும் எடை விழக் கூடாது.

சம்ப்பில் தடித்த விளிம்புகள் இருக்கும் இடமாகப் பார்த்து ஜாக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு தட்டையான பலகை கொடுத்து, எடை பரவும்படி மெதுவாகத் தூக்குங்கள். சர்வீஸ் மேனுவலில் ஜாக் வைக்கும் இடம் குறித்திருந்தால் அதுதான் வேதவாக்கு. அடியில் இருக்கும் பாதுகாப்புத் தகடு உறுதியானது என்று நம்பி அதில் வைக்க வேண்டாம், பலது வெறும் பிளாஸ்டிக். வைக்க இடமே இல்லாத பைக் என்றால் சிசர் ஜாக் உங்களுக்கானது இல்லை.

ஸ்கூட்டருக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

சென்டர் ஸ்டேண்ட் கூடவே வருகிறது. எஞ்சினே பின்சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் அமைப்பு என்பதால் அடியில் ஜாக் வைக்க நல்ல இடம் கிடைக்காது. உயரம் வேண்டுமென்றால் டேபிள்தான். மின்சார ஸ்கூட்டராக இருந்தால் காலடித் தளத்துக்குக் கீழே பேட்டரிப் பெட்டி இருக்கலாம், அங்கே ஜாக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கார் ஜாக் ஒண்ணு சும்மாதான் கிடக்குது. அதை வெச்சே ஓட்டிடலாமா?

கார் ஜாக்கின் தலை உள்ளங்கை அளவுதான். கார் மற்ற மூன்று சக்கரத்தில் நிற்கிறது, அதனால் அது போதும். பைக்கை அந்த ஒற்றைப் புள்ளியில் தூக்கினால் இடமோ வலமோ சாயும். சென்டர் ஸ்டேண்டில் நிற்கும் பைக்கின் மூக்கைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் பலகை வைத்து, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பைக்கின் முழு எடையையும் அதை நம்பி விட வேண்டாம்.

டேபிள் லிஃப்ட்டுக்கு எவ்வளவு இடம் வேணும்?

டேபிள் சுமார் 2.1, 2.2 மீட்டர் நீளம், 60 முதல் 70 சென்டிமீட்டர் அகலம் என்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் அளந்து இடம் இருக்கிறது என்று முடிவு பண்ணிவிடாதீர்கள். சாய்வுப் பலகை ஒன்று பின்னால் நீளும், பைக்கை நேராக நிறுத்தி ஏற்ற அதற்கும் பின்னால் ஒரு பைக் நீளம் காலியாக வேண்டும், இரண்டு பக்கமும் நீங்கள் ஸ்டூல் போட்டு உட்கார முக்கால் மீட்டராவது வேண்டும். திருப்பி வளைத்து ஏற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் பேச்சுக்குச் சரி.

மேலேயும் பாருங்கள். கண்ணாடியோடு சேர்த்துப் பைக் 1.2 மீட்டர் உயரம் என்றால் தூக்கிய பிறகு 2 மீட்டர். விண்ட்ஷீல்டு வைத்த டூரிங் பைக் அதையும் தாண்டும். விளக்கு, மின்விசிறி, சுருட்டு ஷட்டர் எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கும். டேபிளே 100 கிலோவுக்கு மேல் எடை, சிலது 200 வரை போகும், ஆகவே வேலை முடிந்ததும் ஓரமாகத் தூக்கி வைக்கும் சாமான் இல்லை. ஒரு ஆறுதல்: இறக்கிய நிலையில் பைக்கை அதன் மேலேயே நிறுத்திவைக்கலாம், பைக் நிற்கும் இடத்தை டேபிள் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எங்க தரை டைல்ஸ். வெடிச்சுடுமா?

பேடாக் ஸ்டேண்டுக்கு வெடிக்காது. டேபிளும் பைக்கும் சேர்ந்து 350 கிலோ நாலைந்து சின்னப் புள்ளிகளில் இறங்கும்போது, அடியில் பொள்ளலாக இருக்கும் டைல் விரிசல் விடலாம். டைலைத் தட்டிப் பாருங்கள், டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டால் அந்த இடத்தைத் தவிருங்கள், இல்லாவிட்டால் தடித்த பிளைவுட் பலகையை முழுசாக விரித்து அதன் மேல் வையுங்கள்.

விரிசலைவிட எனக்குப் பெரிய கவலை சரிவு. தண்ணீர் ஓட வேண்டும் என்று வாசல் பக்கம் சாய்த்துப் போட்ட தரையில் எந்த லிஃப்ட்டும் வேண்டாம், சக்கரம் வைத்த தரை ஜாக் நிச்சயமாக வேண்டாம். மண் தரையில் ஸ்டேண்டின் கால் ஒரு பக்கம் புதையும், பைக் அந்தப் பக்கம் படுத்துக்கொள்ளும்.

450 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. என் பைக் 190 கிலோதான். அப்போ கவலையே இல்லையே?

எண்ணிக்கைப்படி கவலையில்லை. 110 கிலோ சாதாரண பைக்கிலிருந்து 200 கிலோ சூப்பர் பைக் வரை எதுவானாலும் டேபிளின் கொள்ளளவுக்குள் வந்துவிடும், 350 கிலோவைத் தாண்டும் பெரிய டூரிங் பைக்குகளுக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பைக்கின் எடையை பெட்ரோல், ஆயில் நிரப்பிய எடையாக எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டிகள் மாட்டியிருந்தால் அதையும்.

ஆனால் பைக் விழுவது பெரும்பாலும் இரும்பு உடைந்து இல்லை, சாய்ந்து. சிசர் ஜாக் வாங்கும்போது எத்தனை கிலோ என்பதைவிட அதன் அடித்தளம் எவ்வளவு அகலம், முழு உயரத்தில் கையால் ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்.

ஹைட்ராலிக் தானாவே இறங்கிடும்னு பயமுறுத்துறாங்களே, நிஜமா?

நிஜம்தான். சீல் தேய்ந்தாலோ வால்வில் அழுக்கு மாட்டினாலோ மெல்ல மெல்ல இறங்கும், சில சமயம் ராத்திரியோடு ராத்திரியாக. அதனால்தான் டேபிளிலும் தரை ஜாக்கிலும் இரும்புப் பூட்டு ஒன்று இருக்கும், பல்லோ குறுக்குக் கம்பியோ. தூக்கி முடித்ததும் பூட்டைப் போட்டு, வால்வைக் கொஞ்சம் திறந்து, எடை பூட்டின் மேல் டக்கென்று உட்காரும் வரை இறக்குங்கள். அதன் பிறகு ஹைட்ராலிக்குக்கு வேலையே இல்லை. பூட்டு இல்லாத ஹைட்ராலிக் லிஃப்ட்டை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

ஆயில் குறைந்தால் ஜாக்குக்கான ஹைட்ராலிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும், பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் கெட்டுப்போகும். ஸ்க்ரூ வகை மெதுவாகத்தான் ஏறும், ஆனால் தானாக இறங்காது. அவ்வப்போது ஸ்க்ரூவுக்கு கிரீஸ் வைத்தால் போதும். வீட்டு உபயோகத்துக்கு என் ஓட்டு ஸ்க்ரூவுக்கே.

தனி ஆளா டேபிள் மேல ஏத்த முடியுமா?

முடியும், ஆனால் முன்சக்கரத்தைத் தானாகக் கவ்விப் பிடிக்கும் அமைப்பு டேபிளில் இருந்தால் மட்டும். எடையைத் தள்ளுவது பிரச்சினையில்லை, ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான் சாய்வில் ஏறுகிறது. பிரச்சினை உங்கள் கால். பைக் மேலே போகிறது, நீங்கள் தரையிலேயே நிற்கிறீர்கள், ஹேண்டில் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும், அந்த நிலையில் பைக் அந்தப் பக்கம் சாய்ந்தால் இழுத்து நிறுத்த முடியாது. அகலம் குறைந்த டேபிளில் சைடு ஸ்டேண்ட் மேடைக்கு வெளியே அந்தரத்தில் இறங்கும் கூத்தும் உண்டு, வாங்கும் முன்பே உங்கள் பைக்கின் சைடு ஸ்டேண்ட் எவ்வளவு தூரம் வெளியே போகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

முன்சக்கரம் கவ்வியில் உட்கார்ந்ததும் கையை எடுக்காமல் சைடு ஸ்டேண்டைப் போடுங்கள், பிறகு ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்பிலிருந்து இரண்டு பக்கமும் ராட்செட் பட்டை (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை). ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும் அளவு இறுக்கினால் போதும், அடியோடு அமுக்க வேண்டாம். பின்னால் இரண்டு பட்டை. இவ்வளவும் தரை மட்டத்தில் இருக்கும்போதே முடிய வேண்டும், தூக்கிய பிறகு பட்டை கட்டுவது என்ற பேச்சே கிடையாது.

ஜாக்ல தூக்கின பிறகு ஆக்ஸில் நட்டைக் கழட்டினா பைக்கே ஆடுது. என்ன பண்றது?

தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். பின் ஆக்ஸில் நட் பல பைக்கில் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கியிருப்பார்கள், அதை ஜாக்கின் மேல் நின்றுகொண்டிருக்கும் பைக்கில் உதைத்துக் கழட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. ஆக்ஸில், ஸ்ப்ராக்கெட் நட், ஃபோர்க் தலை மூடி எல்லாவற்றையும் கால் சுற்று தளர்த்தி வைத்துக்கொண்டு தூக்குங்கள். திரும்ப மாட்டும்போது கையால் இறுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து இறுக்கும் ஸ்பேனர்). நாலு பட்டை கட்டிய டேபிளில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எல்லாம் சரியாத்தான் நின்னுச்சு, பாதி வேலையில முன்பக்கம் தூக்கிக்கிச்சு. ஏன்?

நீங்கள் கழட்டியதால்தான். ஜாக் மேல் பைக் ஒரு தராசு. முன்சக்கரமும் ஃபோர்க்கும் போய்விட்டால் பின்பக்கம் கனம், பின்சக்கரமும் ஸ்விங் ஆர்மும் போய்விட்டால் முன்பக்கம் கனம், எஞ்சினை இறக்கினால் கேட்கவே வேண்டாம். எதைக் கழட்டப் போகிறோம் என்று முன்பே யோசித்து, கனம் கூடப்போகும் பக்கத்தின் அடியில் மரக்கட்டை கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பெட்ரோல் டேங்க் நிறைந்திருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும், டேங்கைக் கழட்டும் வேலை என்றால் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பாருங்கள்.

லிஃப்ட்ல இருக்கும்போதே செயின் தளர்வு, ஆயில் லெவல் எல்லாம் பார்த்துடலாமா?

மேனுவல் எந்த நிலையில் பார்க்கச் சொல்கிறதோ அந்த நிலையில். சில பைக்குக்கு சைடு ஸ்டேண்டில், சிலவற்றுக்கு சென்டர் ஸ்டேண்டில், சிலவற்றுக்குப் பின்சக்கரம் தொங்கும்போது. ஃப்ரேமில் ஜாக் வைத்துத் தூக்கினால் ஸ்விங் ஆர்ம் முழுசாகத் தொங்கும், பல பைக்கில் அப்போது செயின் வழக்கத்தைவிடத் தளர்வாகத் தெரியும். சைடு ஸ்டேண்டுக்குச் சொன்ன அளவை அங்கே வைத்து இறுக்கினால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் விறைத்துக்கொண்டு கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும்.

ஆயில் லெவலுக்குப் பெரும்பாலும் பைக் நேராகவும் மட்டமாகவும் நிற்க வேண்டும். பின்பக்கம் மட்டும் பேடாக் ஸ்டேண்டில் இருந்தால் மூக்கு தாழ்ந்து கணக்கு தப்பும். இறக்கி, இரண்டு சக்கரமும் மட்டமாக நிற்கும்போது பாருங்கள்.

பழைய டேபிள் ஒண்ணு மலிவா வருது. எதைப் பார்க்கணும்?

பிஸ்டன் தண்டில் துருப்புள்ளி இருக்கிறதா, இருந்தால் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். கத்தரி போல் மடங்கும் கால்களின் ஊசிகளில் ஆட்டம், பற்றவைப்பில் விரிசல், பூட்டின் பல் மழுங்கியதா. பிறகு ஒரு பைக்கை ஏற்றிப் பாதி உயரத்தில் பூட்டுப் போடாமல் நிறுத்தி, அடியில் யாரும் கை வைக்காமல், சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். கோடு இறங்கியிருந்தால் சீல் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசலாம். பற்றவைப்பில் விரிசல் என்றால் பேரமே வேண்டாம்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆயில் மாத்துறேன், மாசம் ஒரு தடவை செயின் கழுவுறேன். டேபிள் வாங்கலாமா வேணாமா?

வேண்டாம். பேடாக் ஸ்டேண்டும், உட்கார உருளும் குட்டை ஸ்டூலும் வாங்குங்கள், அந்த ஸ்டூல் செய்யும் உபகாரத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. டேபிள் வாங்க எனக்குத் தெரிந்து மூன்று காரணம்தான் உருப்படியானது: முட்டியோ முதுகோ குனிய விடாமல் படுத்துகிறது, பழைய பைக்குகளைப் பிரித்துச் சேர்ப்பது உங்கள் பொழுதுபோக்கு, அல்லது வீட்டில் மூன்று நாலு பைக் நிற்கிறது, வாரா வாரம் ஏதாவது ஒன்று திறந்து கிடக்கிறது. முதல் காரணம் உள்ளவர்கள் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டாம், இடம் இருந்தால் வாங்கிவிடுங்கள்.

அப்போ கூரையில கொக்கி போட்டு பட்டையில தூக்கிட்டா செலவே இல்லையே?

அந்தக் கொக்கி எதில் மாட்டியிருக்கிறது, அந்த உத்தரம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்ட ஆள் யார்? அது தெரியாதவரை வேண்டாம். தாங்கினாலும் தொங்கும் பைக் ஊஞ்சலாடும், நட்டைத் திருகினால் பைக்கே திரும்பும். ஜாக்கில் நிற்கும் பைக் சாயாமல் இருக்க மேலிருந்து தளர்வாக ஒரு பட்டை கட்டிக்கொள்வது வேறு, அதற்கும் உறுதியான உத்தரமாக இருக்க வேண்டும்; எடை முழுக்க ஜாக்கில்தான் நிற்க வேண்டும்.